பாடகிக்கு இடம் விடுதல்

மேடையில் பாடகருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பதும், அவருடைய ஸ்ருதிக்கு ஏற்ப ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நோட்ஸ் எழுதுவதும்தான் எங்கள் பிழைப்பு. எங்களைப் பற்றி வெளியில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. குரல் சுமாராக இருந்தாலும் கவலையில்லை, வயலின்களையும் ட்ரம்பெட்டுகளையும் நிறையப் போட்டு அரேஞ்சர் மூடிவிடுவார் என்பது அது. சிலர் இதைப் பாராட்டாகவே சொல்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. சின்னக் குரலை மூடினால் அது செத்துப்போகும். அதைத் திறந்துவைக்கத் தெரிந்தவர்தான் அரேஞ்சர். இதற்கு நான் காட்டக்கூடிய மிக நல்ல சாட்சி நாம் வாழும் லண்டனிலேயே இருக்கிறது. 1964-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் அப்போது குயீன்ஸ் என்ற பெயரில் இருந்த தியேட்டரில் பெர்லினில் பிறந்த மார்லீன் டீட்ரிஷ் பாடினார். அமெரிக்கரான பர்ட் பாக்கராக் இசைக்குழுவை நடத்தினார். அந்தக் கச்சேரிகளை ‘டீட்ரிஷ் இன் லண்டன்’ என்ற பெயரில் ‘பை’ (Pye) நிறுவனம் நேரலை இசைத்தட்டாக வெளியிட்டது. இன்றும் அது கேட்கக் கிடைக்கிறது.

இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1901-இல் பிறந்த டீட்ரிஷ், 1930-இல் வந்த ‘நீலத் தேவதை’ படத்தில் ஃப்ரீட்ரிஷ் ஹாலண்டரின் பாட்டுகளைப் பாடி உலகப் புகழ் பெற்றவர். ஹிட்லரின் ஜெர்மனிக்குத் திரும்ப மறுத்து 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார். போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காகப் பாடினார். படவாய்ப்புகள் குறைந்த வயதில் மேடைக்கு வந்தார். 1954 ஜூனில் லண்டன் கஃபே த பாரி என்ற இரவு விடுதியில், நாடகாசிரியர் நோயல் கவர்ட் அறிமுகம் செய்து வைக்க, பாடினார். அதுவும் இசைத்தட்டாக இருக்கிறது. பாக்கராக் 1958-இல்தான் அவரிடம் வந்து சேர்ந்தார். டீட்ரிஷின் அரேஞ்சராக இருந்த பீட்டர் மாட்ஸ் வர முடியாமல் போனபோது கைகாட்டிவிட்ட ஆள் அவர். அப்போது முப்பது வயது. பிரெஞ்சு இசையமைப்பாளர் டாரியஸ் மியோவிடம் இசை படித்தவர். விக் டமோன், ஏம்ஸ் பிரதர்ஸ் போன்ற பாடகர்களுக்குப் பின்னால் பியானோ வாசித்துச் சம்பளம் வாங்கியவர். அதாவது பக்கவாத்தியக்காரராகத்தான் தொழிலைக் கற்றிருந்தார். ரியோ, பாரிஸ், பெர்லின், இஸ்ரேல், போலந்து, மாஸ்கோ என்று இருவரும் சுற்றினார்கள். 1963 நவம்பர் 4 அன்று லண்டன் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தியேட்டரில் அரச குடும்பத்தின் முன்னிலையில் நடந்த ராயல் வெரைட்டி நிகழ்ச்சியில், பீட்டில்ஸ் பாடிய அதே இரவில், இவர்களும் மேடை ஏறினார்கள். அடுத்த ஆண்டு குயீன்ஸ்.

டீட்ரிஷின் குரலைத் தொழில்காரரின் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றரை ஸ்தாயிக்கு மேல் பெரிதாகப் போகாது. மேலே ஏறாது, நீட்டிப் பிடித்தால் நிற்காது. கீபோர்டில் மிடில் சி இருக்கும் இடத்தை ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான் அந்தக் குரல் குடியிருக்கிறது. பெண் குரல் அவ்வளவு கீழே வரும்போது அரேஞ்சருக்கு ஒரு பெரிய தலைவலி வரும். செல்லோ, வயோலா, பிரெஞ்சு ஹார்ன், ட்ராம்போன், டெனர் சாக்ஸபோன், கிட்டாரின் நடு நரம்புகள் எல்லாம் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன. உச்சஸ்தாயியில் பாடும் பாடகியை எத்தனை வாத்தியம் சேர்த்தாலும் முழுதாக மறைக்க முடியாது. அவர் கூட்டத்துக்கு மேலே மிதந்து வந்துவிடுவார். இந்தக் குரலோ, நாலு செல்லோக்கள் நன்றாக இழுத்தாலே போதும், காணாமல் போய்விடும். எனவே வாத்தியத்தைச் சேர்த்துக் குரலைக் காப்பாற்றலாம் என்ற எண்ணம் இங்கே கணக்குப்படியே நடக்காது. செய்யக்கூடியது ஒன்றுதான். நடுவில் இருக்கும் அந்தப் பட்டையைக் காலி செய்ய வேண்டும். வயலின்களை மேலே ஏற்றி மெல்லிய இழையாக விட வேண்டும். பாஸ் கீழே கால் ஊன்றி நிற்க வேண்டும். நடுவில் ஏதாவது வேண்டுமென்றால் தட்டியதும் அடங்கிவிடும் ஒலியாக இருக்க வேண்டும்: பியானோவின் ஒற்றை நாண், கிட்டாரின் ஒரு மீட்டல். பிராஸ் வாத்தியங்கள் வரலாம், ஆனால் பாடகி மூச்செடுக்கும் இடத்தில் மட்டும். லண்டன் பதிவை இந்தக் கவனத்தோடு கேட்டால், குழு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சொற்கள் வரும் நேரத்தில் அது விலகி நிற்பது தெரியும். சொல் முடிந்த பிறகு வருகிறது, அடுத்த சொல்லுக்கு முன் போய்விடுகிறது. காற்றடிக்கும் முற்றத்தில் அகல் விளக்கைச் சுற்றிக் கையைக் குவிப்பது போல என்று சொல்லலாம். கை சுடருக்கு வெளிச்சம் எதையும் கூட்டவில்லை. அது நின்று எரிவதற்கு இடம் தருகிறது.

அதோடு காலப்பிரமாணச் சிக்கல் ஒன்று. டீட்ரிஷ் தாளத்தின் மேல் உட்கார்ந்து பாடுபவர் அல்லர். சொல்லை அடிக்குப் பின்னால் தள்ளிப் போடுவார். ஒரு வரியை இழுத்து, அடுத்ததைப் பேச்சாகவே சொல்லிவிடுவார். பெர்லின் காபரே மேடைகளின் பழக்கம் அது. பாட்டைக் கதை சொல்வதாக வைத்துக்கொண்டவர்கள் எல்லோருமே இப்படித்தான் பாடுவார்கள். இப்படிப்பட்டவருக்குப் பின்னால் ஒரு பெரிய குழு வாசித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். குழு தன் வேகத்தில் போய்ப் பாடகியை இழுத்துக்கொண்டு ஓடும்; அல்லது பாடகிக்காகத் தயங்கித் தயங்கிப் பாட்டே தொய்ந்துவிடும். பாக்கராக் பியானோவில் இருந்துகொண்டே குழுவை நடத்தினார். நோட்ஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் கோல் பிடித்து நிற்பவருக்கும், பியானோவில் இருந்து நடத்துபவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பியானோக்காரர் தன் விரலாலேயே பாடகியோடு மூச்சு விடுகிறார்; பாடகி நிறுத்தினால் அவருடைய கையும் நிற்கிறது; குழு அவருடைய தலையசைப்பைப் பார்த்து உள்ளே வருகிறது. நம் கச்சேரியில் வயலின்காரர் பாடகரின் சங்கதியைப் பின்தொடர்ந்து வருவதை எண்ணிக்கொள்ளுங்கள். அந்தக் காதை ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் கொடுத்துவிடுவதுதான் இந்த வேலை.

ஒரு பாட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பீட் சீகர் எழுதிய, பூக்களெல்லாம் எங்கே போயின என்று கேட்கும் பாட்டு. டீட்ரிஷ் 1962-இல் யூனிசெஃப் நிகழ்ச்சி ஒன்றில் பிரெஞ்சில் பாடினார், மாக்ஸ் கோல்பெட் எழுதிய ஜெர்மன் வடிவத்தையும் பாடினார், லண்டனில் ஆங்கிலத்தில் பாடினார். மெட்டில் பெரிய வேலை எதுவும் கிடையாது. ஒரே சுற்று திரும்பத் திரும்ப வரும். கிட்டாரோடு கூட்டமாகச் சேர்ந்து பாடுவதற்கென்று பிறந்த பாட்டு. இதைத் தனிக் குரலுக்கு, அதுவும் ஏற முடியாத குரலுக்கு, எப்படிக் கொடுப்பது? சாதாரண அரேஞ்சர் செய்வது கடைசிச் சரணத்தில் ஸ்ருதியை ஒரு படி உயர்த்துவது. டீட்ரிஷுக்கு அது ஒத்துவராது. பாக்கராக் ஏற்றத்தை வாத்தியங்களிடம் வைத்தார். பாட்டு மெல்லத் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குழு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிறது. பாடகியின் மெட்டு அதே இடத்தில் இருக்க, அவரைச் சூழ்ந்த நிலம் உயர்ந்துகொண்டே வருகிறது. உச்சத்தில் அவர் கிட்டத்தட்டக் கத்துகிறார். அந்தக் குரலுக்கு அது எல்லை. பிறகு எல்லாம் வடிந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறது. குரலின் எல்லையை மறைக்க நினைத்தவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். எல்லை எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் நிறுத்தி, பார்வையாளர்கள் அதைக் கேட்கும்படி செய்திருக்கிறார். குரல் உடையும் அந்த இடத்தில்தான் கேள்வியும் சூடேறுகிறது.

இதற்கு முதலில் வரும் மறுப்பு எனக்குத் தெரியும். லண்டன்காரர்கள் பாட்டுக் கேட்கவா போனார்கள், திரைத்தாரகையைப் பார்க்கத்தானே போனார்கள் என்பார்கள். நியாயமான கேள்வி. உடலோடு ஒட்டிய மணிகள் பதித்த உடை, அன்னத்தூவிக் கோட்டு, ஜோ டேவிஸ் அமைத்த ஒளி என எல்லாமே அந்த மேடையில் பெரிய வேலை செய்தன. லண்டன் நாடக உலகின் முன்னோடி ஒளியமைப்பாளரான டேவிஸை டீட்ரிஷ் பல ஆண்டுகள் விடாமல் கூடவே வைத்திருந்தார். ஆனால் இசைத்தட்டில் ஒளியும் இல்லை, உடையும் இல்லை. அதனால்தான் 1954 பதிவையும் 1964 பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கச் சொல்கிறேன். முதலாவதில் ஒரு நட்சத்திரம் தன் படப் பாட்டுகளைக் கூட்டத்துக்கு நினைவூட்டுகிறார். இசைக்குழு நடனத்துக்கு வாசிக்கும் குழுவாகக் கூட நிற்கிறது. இரண்டாவதில் ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் உறவு இருக்கிறது. கோல் போர்ட்டரின் வேடிக்கைப் பாட்டும், எபிரேயப் பாட்டும், ‘லிலி மார்லீனும்’ ஒரே வாழ்க்கையின் பகுதிகளாகக் கோக்கப்பட்டு நிற்கின்றன. விடுதியிலிருந்து அரங்கத்துக்கு வந்ததாலும் இந்த மாற்றம் வந்திருக்கலாம், மறுக்கவில்லை. மேசையில் மது குடிப்பவர்கள் முன் பாடுவது ஒன்று, வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் முன் பாடுவது வேறு. ஆனால் அரங்கத்தில் தனித்து நிற்கக் கூடிய நிகழ்ச்சி கையில் இருந்தால்தான் அரங்கத்துக்கே போக முடியும். அதைக் கட்டிக் கொடுத்தது இசைக்கோர்ப்பு.

இன்னொரு மறுப்பு கூர்மையானது, எனக்கே பலமுறை யோசனையைக் கொடுத்தது. பெர்லின் பாட்டு என்பது கடியும் கசப்பும் நிறைந்தது. ஒற்றைப் பியானோவும் சின்ன பேண்டும் வைத்துக்கொண்டு முகத்துக்கு நேரே பாடுவது. அதன் மேல் பாக்கராக் மெல்லிசையின் வயலின்களைப் பூசி, வரவேற்பறையில் ஒலிக்கும் பாட்டாக ஆக்கிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. டீட்ரிஷை 1928-இல் பெர்லின் ரெவ்யூ மேடையில் பாடவைத்த மிஷா ஸ்போலியான்ஸ்கி, யூதர் என்பதால் 1933-இல் ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு ஓடி வந்து, இந்த ஊரிலேயே வாழ்ந்து 1985-இல் மறைந்தார். அவருடைய கை எழுதிய பழைய பாட்டுகளின் முள் தனிதான். அந்த முள் குயீன்ஸில் மழுங்கியது என்று ஒருவர் சொன்னால், சில பாட்டுகளில் ஆமாம் என்பேன். ஆனால் 1964-இல் அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். குயீன்ஸ் தியேட்டர் 1940-இல் ஜெர்மன் குண்டு விழுந்து சிதைந்தது; 1959-இல்தான் மறுபடியும் திறந்தார்கள். கஃபே த பாரியிலும் 1941 மார்ச்சில் குண்டு விழுந்தது. மேடையில் குழுவை நடத்திக்கொண்டிருந்த கென் ‘ஸ்னேக்ஹிப்ஸ்’ ஜான்சன் அங்கேயே இறந்தார். ஜெர்மன் உச்சரிப்புக் கொண்ட ஒரு பெண் இப்படிப்பட்ட சுவர்களுக்குள் நின்று, போரில் கணவனையும் மகனையும் இழந்தவர்கள் முன்னால் போரைப் பற்றிப் பாடுகிறார். முகத்தில் அடிப்பது போல அதைச் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அந்த மென்மை கேட்பவரை உட்கார வைத்தது. உட்கார்ந்த பிறகு அவர்கள் கேட்டது மென்மையான செய்தி இல்லை.

எழுதி வைத்த நோட்ஸை யார் நடத்தினால் என்ன என்றும் கேட்கலாம். 1965-க்குப் பிறகு பாக்கராக் தன் பாட்டு, படம், நாடகம் என்று போய்விட்டார். பிரிட்டனில் வில்லியம் பிளெஸார்ட் டீட்ரிஷின் குழுவை நடத்தினார். 1972-இல் ட்ரூரி லேனில் அப்போது நியூ லண்டன் என்ற பெயரில் இருந்த தியேட்டரில் தொலைக்காட்சிக்காகப் படமாக்கியபோது ஸ்டான் ஃப்ரீமன் நடத்தினார். 1975-இல் சிட்னி மேடையில் விழுந்து கால் முறியும்வரை டீட்ரிஷ் பாடிக்கொண்டுதான் இருந்தார். பாக்கராக் விட்டுச்சென்ற நிகழ்ச்சி அவர் இல்லாமலும் ஓடியது உண்மை. இதை நான் என் பக்கத்துச் சான்றாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குரலுக்கு எது சரியான ஸ்ருதி, எங்கே மௌனம், எங்கே வயலின் என்பதெல்லாம் தாளில் எழுதப்பட்டிருந்ததால்தான் வேறொருவர் கையில் எடுத்து நடத்த முடிந்தது. நல்ல அரேஞ்சரின் வேலை, அவர் ஊரில் இல்லாதபோதும் பாடகருக்குச் சோறு போடும். ஆனாலும் 1972 படத்தையும் குயீன்ஸ் பதிவையும் ஒப்பிட்டால், பின்னதில் உள்ள உரையாடல் முன்னதில் இல்லை. எழுபதைத் தாண்டிய வயது ஒரு காரணம். மறுநொடி பாடகி என்ன செய்வார் என்று காதைத் தீட்டிக்கொண்டு பியானோவில் காத்திருந்த ஆள் அங்கே இல்லாதது இன்னொரு காரணம் என்று என் காது சொல்கிறது.

பெற்றுக்கொண்டவர் பாடகி மட்டும்தானா என்றால், அப்படியும் இல்லை. டீட்ரிஷ் இளமையில் வயலின் கற்று, அதைத் தொழிலாக்க நினைத்து, மணிக்கட்டுக் கோளாறால் விட்டவர். குழுவில் எந்த வாத்தியம் பிசகுகிறது என்று கேட்கக் கூடிய காது அவருக்கு இருந்தது. பாக்கராக்குக்கு அவர் ஊர் ஊராகப் புதுப் புதுக் குழுக்களை நடத்தும் பயிற்சியையும், பெயரையும் கொடுத்தார். மேடையில் அவரை அறிமுகம் செய்யும்போது, என் அரேஞ்சர், என் பக்கவாத்தியக்காரர், என் நடத்துநர் என்று அடுக்கிவிட்டு, என் இசையமைப்பாளர் என்று சொல்ல முடியாத வருத்தத்தையும் சேர்த்துச் சொல்வார். அவர் எல்லோருடைய இசையமைப்பாளரும் ஆகிவிட்டாரே என்பார். அதில் மிகை இல்லை. 1964 தொடக்கத்தில் சில்லா பிளாக்கும், அக்டோபரில் சாண்டி ஷாவும் பாக்கராக்கின் மெட்டுகளைப் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்திருந்தார்கள். குயீன்ஸ் தியேட்டருக்கு வந்தவர்களில் பலர் மேடையில் இருந்தவரின் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்திருப்பார்கள். அப்படிப்பட்டவர் அந்த மேடையில் தன் சாமர்த்தியத்தைக் காட்டவில்லை. அவருடைய சொந்தப் பாட்டுகளில் தாளம் வரிக்கு வரி மாறும், மெட்டு திடீரென்று எட்டுச் சுரம் தாவும். டீட்ரிஷுக்கு எழுதும்போது அந்தப் பையை அவிழ்க்கவே இல்லை. எங்கள் தொழிலில் கடினமான ஒழுக்கம் இதுதான். இதே லண்டனில் எட்மண்டோ ரோஸின் லத்தீன் குழுவோடு காத்தரீனா வலென்ட்டே பாடிய டெக்கா பதிவுகள் இருக்கின்றன. எதையும் பாடக்கூடிய குரல் அது. அங்கே குழு துள்ளலாம், பாடகி கூடவே துள்ளுவார். அங்கே சரியாக இருப்பது இங்கே நாசமாகும். ஆளைப் பார்த்து எழுத வேண்டும்.

தமிழில் இதற்குச் சான்று இல்லாமலில்லை. 1968-இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் வி. குமார் இசையில் மனோரமா சென்னை பாஷையில் பாடியதை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்கும் குரல். சொல்லின் கொச்சை ஒன்றுகூடச் சிதையாமல் காதில் விழுகிறது என்றால், வாத்தியங்கள் வழிவிட்டிருக்கின்றன என்று பொருள். சந்திரபாபுவின் குரலையும் பயிற்சி பெற்ற பின்னணிப் பாடகரின் குரலைப் போல எண்ணி யாரும் எழுதவில்லை. அவருடைய ஆட்டத்துக்கும் அங்கலாய்ப்புக்கும் ஏற்ற மேற்கத்திய நடையில் எழுதினார்கள். விஸ்வநாதன் ராமமூர்த்தி பாட்டு என்று நாம் மனதாரச் சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். அவர்களோடு உழைத்த கோவர்த்தனம், ஹென்றி டேனியல் போன்றவர்களின் பெயர் டைட்டிலில் ஓடி மறைந்ததோடு சரி. மலையாளத்திலும் அரேஞ்சராக எத்தனையோ பாட்டுகளுக்கு உருவம் கொடுத்த ஆர்.கே. சேகரை, ஏ.ஆர். ரஹ்மானின் அப்பா என்ற அளவில்தான் இன்று பலருக்கும் தெரியும். டீட்ரிஷ் ஒவ்வோர் இரவும் மேடையில் செய்த அறிமுகத்தை நம் சூழலில் நினைத்துப் பார்த்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

லண்டன் தமிழ் மேடைகளில் இப்போது பெரும்பாலும் என்ன நடக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு மண்டபம் எடுக்கிறோம். பாடகர் மைக்கைப் பிடிக்கிறார். மடிக்கணினியில் ட்ராக் ஓடுகிறது. ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது. பாடகிக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தாலும் மூலப் பாடகியின் ஸ்ருதியிலேயே பாட வேண்டும். ஒரு சொல்லில் நின்று கேட்பவரைப் பார்க்க நினைத்தாலும் முடியாது, இண்டர்லூட் வந்துவிடும். செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடி எனக்குத் தெரியும். முழுக் குழுவும் வைத்தால் டிக்கெட் விற்காது என்பதும் தெரியும். இருபது பேர் வேண்டாம். ஒரு கீபோர்டு, ஒரு கிட்டார், ஒரு தபலா, ஒரு புல்லாங்குழல், இவர்களுக்குப் பாடகரின் குரலைக் கேட்டு எழுதிக் கொடுக்க ஒருவர், இரண்டு நாள் ஒத்திகை. வயதான குரல், சின்னக் குரல், இந்த ஊரில் பிறந்து தமிழை வேறு உச்சரிப்பில் பாடும் பிள்ளைகளின் குரல், எல்லாவற்றுக்கும் இதனால் மேடை கிடைக்கும். நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் இரண்டு வேண்டுகோள். பாடகரை ஒப்பந்தம் செய்யும் அன்றே அவருக்கு எழுதப்போகும் அரேஞ்சரையும் ஒப்பந்தம் செய்யுங்கள். நோட்டீஸில் ஆதரவாளர்களின் பெயர்களுக்கு மேலே அவர் பெயரையும் அச்சிடுங்கள்.